டோரா, விபிஎன்னா?

காரைக்குடியிலிருந்து சித்தப்பா மகன் கேட்டான்: "அண்ணே, நான் என்ன பார்க்கிறேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. டோர் போடவா, விபிஎன் வாங்கவா?" டோர் (Tor) என்பது உன் இணையப் போக்குவரத்தைப் பல கணினிகள் வழியே சுற்றி அனுப்பும் உலாவி. விபிஎன் (VPN) என்பது அதை ஒரே நிறுவனத்தின் கணினி வழியே அனுப்பும் சேவை.

செலவு: டோர் இலவசம். விபிஎன்னுக்குச் சந்தா உண்டு. (இலவச விபிஎன் பக்கமே போகாதே.)

வேகம்: டோரில் வீடியோ பார்க்கப் பொறுமை வேண்டும். விபிஎன்னில் பெரிய வித்தியாசம் தெரியாது.

மறைவு: விஷயமே இதுதான். டோர் நம்ம ஊர் வீடு மாதிரி. முகப்பில் இருப்பவருக்கு வந்தது யாரென்று தெரியும், எங்கே போகிறாரென்று தெரியாது. வளவில் (நடு முற்றத்தில்) இருப்பவருக்கு இரண்டுமே தெரியாது. பின்கட்டில் இருப்பவருக்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. இப்படி மூன்று கணினிகளைத் தாண்டித்தான் நீ அனுப்புவது போகிறது. விபிஎன்னில் அந்த நிறுவனம்தான் ஒரே கணக்குப்பிள்ளை. ஆளும் தெரியும், போகும் தளமும் தெரியும். அவர் வாயை நம்பித்தான் எல்லாம். போதாததற்கு, இந்தியாவில் விபிஎன் நடத்துவோர் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டுமென்று 2022-இல் செர்ட்-இன் (இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு போட்டது.

லாட்ஜ் வைஃபையில் பேங்க் வேலை பார்க்க விபிஎன் போதும். பெயர் வெளியே தெரியாமல் தேட டோர்தான். ஆனால் டோருக்குள் போய் உன் ஜிமெயிலைத் திறந்தால், போன இடத்தில் நீயே உன் பெயரைச் சொன்ன கதைதான்.