பின்னணி நிரல்களை நீக்கித் தருவதாகச் சொல்லும் இணையவழிச் சேவைகள்: ஓர் எச்சரிக்கை

வீட்டுக் கணினி மெதுவாக இயங்கும்போது, இணையம் வழியாக அதனுள் நுழைந்து, தேவையற்ற பின்னணி நிரல்களை நீக்கித் தருவதாகக் கூறிக் கட்டணம் வாங்கும் ஒரு நிறுவனத்திடம் நான் பட்டதை, அத்தகைய சேவையை நாட எண்ணியிருப்பவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளட்டும் என்று இங்கே எழுதுகிறேன். பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் வேலையை முடித்து வெளியேறியபோது கணினி முன்பைவிட மெதுவாகவும், முன்பைவிடப் பாதுகாப்புக் குறைந்தும் இருந்தது.

தொழில்நுட்பப் பணியாளர் என்று பேசியவர், தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் மென்பொருள் ஒன்றை நிறுவச் சொல்லி உள்ளே வந்தார். முதலில் அவர்களுடைய பரிசோதனைக் கருவியை இயக்கினார். கணினி மெதுவாக இருக்கிறதா, விளம்பரப் பெட்டிகள் தாமாகத் தோன்றுகின்றனவா என்று அக்கருவி தொடக்கத்திலேயே கேட்டது. ஆம் என்று குறித்ததும், எதையும் முழுமையாக ஆராயாமலேயே சிவப்பு எழுத்துகளில் நீண்ட பட்டியலைக் காட்டியது. அதன்பின் அவர் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்டிய "ஆதாரங்கள்" தாம் இந்தப் பதிவின் முக்கியப் பகுதி. ஏனெனில், அவை அனைத்தும் நன்றாக இயங்கும் எந்த விண்டோஸ் கணினியிலும் இருப்பவை.

முதலாவது, ஈவென்ட் வியூவர். கணினி தன் அன்றாட நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் குறிப்பேடு அது. ஒரு சர்வீஸ், அதாவது திரையில் தோன்றாமல் விண்டோஸுக்காகப் பின்னணியில் இயங்கும் நிரல், தொடங்கச் சற்றுத் தாமதமானாலோ, இணையத் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனாலோ அங்கே எச்சரிக்கைக் குறியோ பிழைக் குறியோ விழும். டிஸ்ட்ரிபியூட்டட்காம் என்ற பெயரில் அடிக்கடி தென்படும் 10016 என்ற நிகழ்வைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. எனக்கோ அதைக் காட்டி, "கணினியின் உட்பகுதி சிதைந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். இரண்டாவது, சர்வீஸ்களின் பட்டியலில் பல நிறுத்தப்பட்டுள்ளன என்பது. தேவைப்படும்போது மட்டும் எழும்படி அமைக்கப்பட்டவை மற்ற நேரங்களில் நின்றிருப்பதே முறை.

மூன்றாவது சற்றுத் தந்திரமானது. இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரில் எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒரே பெயர் டஜன் கணக்கில் வரிசையாக நிற்பதைக் காட்டி, வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொண்டிருப்பதாகக் கூறினார். விண்டோஸின் பல சர்வீஸ்கள் அந்தப் பெயருக்குள்தான் ஓடுகின்றன. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் (தற்காலிக நினைவகம்) உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனிப் பிரதியாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால் அந்த எண்ணிக்கை கூடித்தான் தெரியும். நான்காவதாக, ரேமைச் சுத்தம் செய்யும் கருவியை அழுத்தியதும் பயன்பாட்டு அளவு சடாரென்று இறங்கியது; பார்ப்பவர் மயங்கும் காட்சிதான். ஆனால் நிரல்கள் நினைவகத்தில் வைத்திருந்ததைக் கருவி வலுக்கட்டாயமாக வெளியேற்றுகிறது, அடுத்த சில நிமிடங்களில் அவை அதையே மீண்டும் வட்டிலிருந்து படித்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஆகவே வேகம் குறையுமே தவிர அதிகரிக்காது.

இப்படிப்பட்ட போலிச் சோதனைகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. கடைகளில் இலவசப் பரிசோதனை என்ற பெயரில் வாடிக்கையாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேடு கமிஷன் தொடுத்த வழக்கில், அலுவலகப் பொருள்கள் விற்கும் ஆஃபிஸ் டிப்போவும் தொழில்நுட்ப உதவி நிறுவனமான சப்போர்ட்.காமும் 2019இல் மொத்தம் 3.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. தொடக்கத்தில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்றாலே, அந்தக் கருவி தீநிரல் இருப்பதற்கான அறிகுறி உண்டு என்று முடிவு சொன்னது என்பதே குற்றச்சாட்டு. என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை நினைத்துக்கொண்டேன். பயமுறுத்தும் செய்திகளைக் காட்டிக் கட்டணப் பதிப்பை வாங்கவைக்கும் மென்பொருள்களை, 2018 மார்ச் 1 முதல் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் வேண்டாதவை எனக் கண்டு நீக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்ததும் இதே காரணத்தால்தான்.

அவர்கள் போன பிறகு கணினியைத் திறந்து பார்த்ததில், விண்டோஸ் அப்டேட் முடக்கப்பட்டிருந்தது. கோப்புகளைத் தேட உதவும் சர்ச் சர்வீஸும், அச்சிடுவதற்கான ஸ்பூலரும் நிறுத்தப்பட்டிருந்தன. பட்டியல் குறைந்ததாகக் கணக்குக் காட்டுவதற்கு இவை போதும் போலும். இவற்றுக்கு மாற்றாக அவர்களுடைய "வேகமூட்டி" கணினியோடு சேர்ந்து தொடங்குபவற்றின் பட்டியலான ஸ்டார்ட்டப்பில் ஓர் இடம், சர்வீஸாக ஓர் இடம், குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஓர் இடம் என்று மூன்று இடங்களில் வேரூன்றியிருந்தது. ஒன்றில் நீக்கினால் மற்றொன்று அதை மீண்டும் எழுப்பிவிடும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில், தொடக்கத்தைத் தாமதப்படுத்தும் அளவு "அதிகம்" என்று குறிக்கப்பட்டிருந்தவற்றில் அதுவும் ஒன்று. முறையிட்டபோது, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் இருந்த பிழைகளை நீக்கியிருப்பதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்றார்கள். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்பது மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடு என்று எடுத்துச் சொன்னேன்; இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

இவர்கள் விலைக்கு விற்கும் வேலையின் பயனுள்ள பகுதியை எவரும் செலவின்றிச் செய்யலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் ஆகிய தலைப்புகளை அழுத்தினால் எந்த நிரல் அதிகம் எடுத்துக்கொள்கிறது என்பது மேலே வரும். கணினியைத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் அப்டேட்டும் ஆன்டிவைரஸும் உழைத்துக்கொண்டிருப்பது இயல்பு. ஆகையால் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் அங்கேயே இருக்கும் ஸ்டார்ட்டப் பகுதியில், உரையாடல் செயலிகள், விளையாட்டு லாஞ்சர்கள், அச்சுப்பொறியோடு வந்த உதவிக் கருவிகள் போன்றவற்றை முடக்கலாம். முடக்குவது நிரலை அழிப்பதில்லை. வேண்டுமானால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். ஆழமாகப் பார்க்க விரும்புவோருக்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள, தானாகத் தொடங்கும் அனைத்தையும் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் என்ற கருவி இலவசமாகவே கிடைக்கிறது. அதில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டு, சந்தேகத்துக்குரியதன் அருகிலுள்ள தேர்வுக் குறியை எடுப்பதோடு நிற்க வேண்டும், அழிக்கக் கூடாது. சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினியில் டிஸ்க் பயன்பாடு எந்நேரமும் 100 விழுக்காட்டை ஒட்டியே நின்றால், நிரல்களை முடக்குவதால் கிடைக்கும் பயன் சிறிதுதான். சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி பொருத்துவதே தீர்வு.

ஏற்கெனவே இத்தகையோரை உள்ளே விட்டிருப்பவர்கள் உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, ரிமோட் மென்பொருளை முற்றிலும் நீக்க வேண்டும். நாம் எதிரில் இல்லாதபோதும் உள்ளே வரும்படி அது அமைக்கப்பட்டிருக்கக்கூடும். என் கணினியில் அப்படித்தான் இருந்தது. மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். கட்டணம் செலுத்தியபோது, ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கும் ஒப்புதலையும் சேர்த்தே வாங்கியிருக்கக்கூடும். மென்பொருளை நீக்குவதால் அது ரத்தாகாது, அதை நிறுத்தும்படி வங்கியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.