கல்லீரலுக்குக் கவசமாம்: ஒரு மூலிகைப் பொடியோடு ஐந்து வாரங்கள்

காசநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்த என் அண்ணனுக்காக, எங்கள் ஊர்க் கடைவீதியில் உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில், 'மாத்திரைகளால் கெடும் கல்லீரலுக்கு இயற்கைக் கவசம்' என்று உறையில் அச்சிட்டிருந்த பொடியை வாங்கினேன். 100 கிராம் 240 ரூபாய். ஏறத்தாழ இதே சேர்மானத்தில் பல பெயர்களில் பொடிகள் விற்கப்படுவதால், கடையின் பெயரைச் சொல்லாமல் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் அச்சம் வீணானதன்று. முதல் 2 மாதங்களுக்குக் கொடுக்கப்படும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கனுள் முதல் மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. அடுத்த 4 மாதங்களில் பைரசினமைட் நிறுத்தப்பட்டு மற்ற மூன்றும் தொடரும். மாத்திரை தொடங்கிய மறுநாளே அண்ணனின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைக் கண்டு வீடே கலங்கியது. கடைக்கார அண்ணாச்சி, "அது பித்தச் சூடு தம்பி, நம்ம பொடி ஒரு வாரத்துல தணிச்சிரும்" என்றார். அந்த நிறம் ரிஃபாம்பிசின் கழிவாக வெளியேறுவதால் வருவது, தீங்கற்றது, மருந்து உள்ளவரை இருக்கும் என்பதை நாங்கள் பின்னர்தான் அறிந்தோம். காமாலையில் சிறுநீர் கடுந்தேநீர் போலக் கருமஞ்சளாகும். கண் வெள்ளையும் மஞ்சளாகும்.

உறையை நிதானமாகப் படித்திருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, சீந்தில், நெல்லி வற்றல், மஞ்சள், மிளகு என்று பெயர்கள் இருந்தனவே தவிர, எது எவ்வளவு என்ற குறிப்பு இல்லை. சித்த மருந்தாக விற்பதற்கு வேண்டிய தயாரிப்பு உரிம எண்ணும் இல்லை. உணவுப் பொருளுக்குரிய 14 இலக்க எண் மட்டுமே இருந்தது. உணவு என்று உரிமம் வாங்கி, மருந்து என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

காலையில் ஒரு கரண்டிப் பொடியை மோரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கசப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தம்ளரின் அடியில் ஒவ்வொரு நாளும் மெல்லிய மண் படிந்தது. செடியை வேரோடு பிடுங்கி, சரியாக அலசாமல் உலர்த்தி அரைத்தால்தான் அப்படி நேரும். உழவர் சந்தை வாசலில் ஒரு பாட்டி 20 ரூபாய்க்குத் தரும் பச்சைக் கீழாநெல்லிக் கட்டிலாவது, இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகத் தொங்கும் கடுகளவுக் காய்களைக் கண்டு, வாங்குவது இன்னதென்று தெரிந்துகொள்ளலாம். பொடியாகிவிட்டால் எந்தச் செடி என்று யார் கண்டது?

கீழாநெல்லிக்கு ஆய்வுப் பின்புலமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க் முதலானோர் 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதைக் காட்டும் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. எனினும் பின்வந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. அந்த ஆய்வு கிருமியைப் பற்றியதே ஒழிய, மாத்திரையால் வரும் பாதிப்பைப் பற்றியதும் அன்று. மற்ற சேர்மானங்களில் சில கவலை தருபவை. மஞ்சள் சத்து மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2022இல் எழுதினர். மிளகிலுள்ள பைபரின், மஞ்சளின் குர்குமினை உடல் மிகுதியாக உறிஞ்சும்படி செய்கிறது. சீந்தில் உட்கொண்டவர்களுக்கு ஏற்பட்ட கல்லீரல் அழற்சியை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள்; ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. குழம்பில் இடும் மஞ்சளைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. செறிவாக, நாள்தோறும், வேறு மருந்துகளோடு சேர்த்து உண்பது வேறு கதை.

ஐந்தாம் வாரத்தில் அண்ணனுக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. கடையில் கேட்டதற்கு, பொடியை இரண்டு கரண்டியாக்கச் சொன்னார்கள். நாங்களும் நான்கு நாள் அப்படியே செய்தோம். இந்தப் பொடியின்மீது எனக்குள்ள பெரிய குறை அந்த நான்கு நாள்தான். இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு 212 என்று வந்தது. 40க்குள் இருக்க வேண்டியது. மருத்துவர் மாத்திரைகளையும் பொடியையும் ஒருசேர நிறுத்தினார். அளவு இறங்கிய பிறகு மாத்திரைகளை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டுத் திரும்பத் தொடங்கினார். பாதிப்பு மாத்திரையாலா, பொடியாலா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "பொடி சாப்பிடுவதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.

உணவால் பயனே இல்லையா என்று கேட்டேன். ஊட்டம் குறைந்த உடலில்தான் இம்மாத்திரைகள் கல்லீரலை எளிதில் தாக்கும் என்றும், நச்சை முறிக்கும் குளுட்டாதயோனைக் கல்லீரல் ஆக்கிக்கொள்ளப் புரதம் வேண்டும் என்றும் விளக்கினார். ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் கொடுத்து நடத்திய ஆய்வில், முதல் 2 மாதங்களில் எடை கூடியவர்களிடையே இறப்பு குறைவாக இருந்ததாக 2023இல் வெளியானது. அரசு காசநோயாளிகளுக்கான நிக்சய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுப்பதும் சாப்பாட்டுக்காகத்தான். நான் அதில் 240 ரூபாயைப் பொடிக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அண்ணன் காலையில் இரண்டு முட்டை, மாலையில் அவித்த நிலக்கடலை சாப்பிடுகிறார். கரிசலாங்கண்ணி வாரம் ஒருமுறை பருப்போடு கூட்டாக வருகிறது, கீரை என்ற அளவில் மட்டும். மதுவும், கேட்காமல் வாங்கும் வலி மாத்திரைகளும் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. பாதிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பிரித்ததை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். என் மதிப்பெண் 5க்கு 1. அதுவும் உறையின் மூடி நன்றாக இறுகி மூடுவதற்காக.