இஸ்தான்புல் ஒருநாள் நடைச் சுற்றுலா: வழிகாட்டிக்காகப் போகலாம், நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்

2024 அக்டோபரில் என் மனைவியுடனும், எழுபதைக் கடந்த என் தாயாருடனும் இஸ்தான்புல் சென்றிருந்தபோது, பழைய நகரின் முக்கியச் சின்னங்களைக் காட்டிவிட்டு மாலையில் ஆசியக் கரைக்கும் அழைத்துச் செல்லும் ஒருநாள் நடைச் சுற்றுலாவில் சேர்ந்தோம். பத்துப் பேர் கொண்ட குழு. ஆங்கிலம் பேசும் உள்ளூர் வழிகாட்டி. ஏற்பாட்டில் சில குறைகள் இருந்தாலும், அந்த வழிகாட்டி இல்லாமல் போயிருந்தால் பாதி நகரத்தைப் பார்க்காமலேயே திரும்பியிருப்போம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு, பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசு) காலத்தில் தேர்ப்பந்தயம் நடந்த திடலில் தொடங்கினோம். இன்று அது ஒரு நீண்ட பூங்கா போலத்தான் இருக்கிறது. தனியாக வந்தவர்கள் நடுவிலுள்ள தூணைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எங்கள் வழிகாட்டி அங்கே நாற்பது நிமிடம் நிற்க வைத்தார். எகிப்தின் கர்னாக் கோயிலில் மூன்றாம் துட்மோஸ் மன்னர் நிறுத்திய கல்தூணைத் தியோடோசியஸ் பேரரசர் கி.பி. 390இல் இங்கே நிறுவினார். அதன் பீடத்தில் பேரரசர் குடும்பத்தோடு அமர்ந்து பந்தயம் பார்க்கும் காட்சியும், தூணைத் தூக்கி நிறுத்திய முறையும் செதுக்கப்பட்டுள்ளன. அந்த வேலை முப்பது நாளில் முடிந்தது என்று ஒரு பக்கத்து இலத்தீன் கல்வெட்டும், முப்பத்திரண்டு நாளில் முடிந்தது என்று மறுபக்கத்துக் கிரேக்கக் கல்வெட்டும் சொல்வதை அவர் எழுத்துக்கு எழுத்து விரலால் சுட்டிக் காட்டினார். பீடம் இன்றைய தரைமட்டத்துக்குக் கீழே ஒரு குழிக்குள் நிற்பதைக் கண்டபோதுதான், பல நூற்றாண்டுகளாக மண் ஏறி ஏறி நகரமே உயர்ந்திருக்கிறது என்பது எங்களுக்குப் புரிந்தது. அருகில், கி.மு. 479இல் பாரசீகரை பிளாட்டியாவில் வென்ற கிரேக்க நகரங்கள் டெல்ஃபி கோயிலுக்குக் காணிக்கையாக்கிய வெண்கலப் பாம்புத் தூண், தலைகளை இழந்து முறுக்கிய கயிறு போல நிற்கிறது.

அடுத்து நிலத்தடி நீர்த்தேக்கம். ஜஸ்டினியன் பேரரசர் ஆறாம் நூற்றாண்டில் கட்டிய இதில், ஒன்பது மீட்டர் உயரமுள்ள 336 தூண்கள், வரிசைக்கு இருபத்தெட்டாகப் பன்னிரண்டு வரிசைகளில் நிற்கின்றன. சீரமைப்புக்குப் பின் 2022இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள். நடைபாதை தாழ்வாக அமைந்திருப்பதால், கணுக்கால் அளவு நீரில் தூண்களின் நிழல் அசைவதை மிக அருகில் பார்க்க முடிகிறது. கடைக்கோடியில் இரண்டு தூண்களின் அடியில், கிரேக்கப் புராணத்தில் கூந்தலுக்குப் பதில் பாம்புகளைக் கொண்ட மெதூசாவின் தலைகள், ஒன்று பக்கவாட்டிலும் மற்றொன்று தலைகீழாகவும் கிடக்கின்றன. இறங்கும் படிகள் ஈரமாக இருந்தன. மூட்டுவலி உள்ளவர்கள் கைப்பிடியை விடாமல், பின்னால் வருவோரின் அவசரத்தைப் பொருட்படுத்தாமல் இறங்க வேண்டும்.

குறை இங்கிருந்து தொடங்குகிறது. நாங்கள் முன்பதிவு செய்தது வெள்ளிக்கிழமை. அன்று நண்பகல் தொழுகை முடியும்வரை பள்ளிவாசல்களில் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை. இது ஏற்பாட்டாளர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. ஆயினும் பணம் வாங்கும்போது எவரும் எங்களிடம் சொல்லவில்லை. இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தை ஒரு கம்பளக் கடையில் கழிக்க நேர்ந்தது. மேலும், டோப்காபி அரண்மனையும் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. ஆனால் யாவரும் கட்டணமின்றி நுழையக்கூடிய முதல் முற்றத்தை மட்டும் காட்டித் திரும்பிவிட்டார்கள். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் உதுமானியச் சுல்தான்கள் வாழ்ந்த இடத்தை, அந்தப்புரத்தையும் கருவூலத்தையும் சீனப் பீங்கான்கள் நிறைந்த சமையற்கட்டையும் பார்க்காமல், ‘பார்த்தாயிற்று’ என்று கணக்கில் சேர்ப்பது முறையல்ல. செவ்வாய் தவிர்த்த வேறொரு நாளில் அரைநாள் ஒதுக்கித் தனியே சென்று பாருங்கள்.

1609இல் முதலாம் அஹ்மத் கட்டத் தொடங்கிய நீலப் பள்ளிவாசலின் ஆறு மினார்களையும், இஸ்னிக் நகரத்து வண்ண ஓடுகளையும் மூன்று மணியளவில் பார்த்தோம். அழகுதான், ஆனால் கூட்ட நெரிசலில் நின்று நிதானிக்க முடியவில்லை.

தேவாலயமாகக் கட்டப்பட்டு இன்று பள்ளிவாசலாக இருக்கும் ஹாகியா சோபியாவின் வாசலில் இன்னொரு ஏமாற்றம். அனுமதிச் சீட்டுகள் அடக்கம் என்று நம்பியிருந்தோம். ஆனால் வெளிநாட்டவருக்கான 25 யூரோ கட்டணத்தை நாங்களே கட்ட வேண்டியிருந்தது. 2024 ஜனவரி முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டுமே திறந்திருக்கிறது. கீழ்த்தளம் தொழுகைக்கு உரியது. இருப்பினும், மேல்மாடத்துக்குச் சென்று பார்த்தபின் கட்டணத்தைப் பற்றிய வருத்தம் எனக்கு இல்லை. 537இல் கட்டி முடிக்கப்பட்டு, 558இல் குவிமாடம் சரிந்து, மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம் இது. குவிமாடத்தின் அடியில் வரிசையாக உள்ள நாற்பது சாளரங்கள் வழியே ஒளி நுழைவதால், அவ்வளவு பெரிய கவிகை எதன்மேலும் அமராமல் மிதப்பதாகவே கண்ணுக்குத் தோன்றுகிறது. தெற்கு மாடத்தில், கீழ்ப்பாதி முழுவதும் உதிர்ந்துபோன ஒரு மொசைக் ஓவியம் இருக்கிறது. கிறிஸ்துவின் இருபுறமும் மரியாளும் திருமுழுக்கு யோவானும் நிற்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், கன்னத்தின் நிழலைக்கூட நகத்தைவிடச் சிறிய துண்டுகளைக் கொண்டு நிறம் மாற்றி மாற்றி அடுக்கியிருப்பது தெரியும். என் தாயார் அதன் முன்னிருந்து நகரவே மனமில்லாமல் நின்றார். வழிகாட்டியும் அவரை அவசரப்படுத்தவில்லை.

ஐந்து மணிக்கு எமினோனு துறையிலிருந்து உஸ்குதாருக்குப் படகேறினோம். அது சுற்றுலாப் படகு அன்று. அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் மக்கள் செல்லும் படகு. பேருந்துக்கும் டிராமுக்கும் பயன்படும் அதே பயண அட்டையைத் தட்டி ஏறலாம். இடுப்பு ஒடுங்கிய சிறு கண்ணாடிக் குவளையில் பால் கலவாத தேநீரை வாங்கிக்கொண்டு வெளிப்பலகையில் அமர்ந்தோம். கரை விலக விலக, காலை முதல் நாங்கள் துண்டு துண்டாகப் பார்த்தவை எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன: முனையில் அரண்மனை, அடுத்து ஹாகியா சோபியா, அதன் பின்னே ஆறு மினார்கள், வலப்புறக் குன்றின்மேல் உதுமானியக் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய சுலைமானியே பள்ளிவாசல். நீர் வழியாக வந்த எவரும் முதலில் கண்டிருக்கக்கூடிய நகரம் இதுதான். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் கால்மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டோம்.

உஸ்குதாரில் இறங்கியதும் கரையோரமாக, கடலுக்குள் நிற்கும் கன்னிக் கோபுரம் தெரியும் இடம்வரை நடந்தோம். சூரியன் ஐரோப்பியக் கரையில்தான் மறைகிறது. ஆகவே மாலையில் இந்தப் பக்கம் இருக்கும்படி சுற்றுலாவை அமைத்தவரின் கணக்கு சரியானதே. நீங்கள் இதில் சேர்வதானால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். எந்தெந்தச் சீட்டு அடக்கம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரும்பும் படகுக்கான பணம் அட்டையில் மீதி இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அட்டையில் இருக்கவில்லை. துறையில் இருந்த ஒரு பெரியவர் தம் அட்டையை மூன்று முறை தட்டி எங்களை உள்ளே அனுப்பிவிட்டு, நாங்கள் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.