பின்சக்கரத்தில் டொக் டொக்: ஜாக்கியா, ராம்ப்பா?

காரின் பின்பக்கத்திலிருந்து வரும் தட்டல் சத்தத்தைத் தேட இரண்டு வழி உண்டு. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்ப்பது ஒன்று. பின்சக்கரங்கள் இரண்டையும் ராம்ப்பில், அதாவது சாய்வான மேடையில் ஏற்றி, வண்டியின் பாரம் சக்கரத்தின் மேலேயே இருக்க, அடியில் போய்ப் பார்ப்பது இன்னொன்று. ‘எதற்கும் ஷாக்கை (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரை) மாற்றிப் பார்த்துவிடலாம்’ என்பதை ஒரு வழியாகவே சேர்க்கவில்லை. அது சீட்டுக் குலுக்கல்.

எந்த வழியானாலும் முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்தால் ஷாக் போன மாதிரியே கேட்கும். அடுத்து வீல் நட்டுகள்: பெரும்பாலான சிறிய கார்களுக்கு 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் வேண்டும், உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும்.

பிறகு தாளத்தைக் கவனியுங்கள். 185/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் உருளும். 20 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவு. சமமான ரோட்டிலும் தட்டல் அந்தக் கணக்கில் வந்து, வேகத்தோடு கூடிக் குறைந்தால் கோளாறு சுழலும் பாகத்தில்: டயர் வீக்கம், டிரம், பேரிங், பின்சக்கரம் இழுக்கும் வண்டியானால் ஆக்சில் ஜாயிண்ட்.

இந்த ரகத்துக்கு ஜாக்கிதான் சரி, சந்தேகமே இல்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் அதற்கு அப்பால் உள்ள புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை) அல்லது ஜாயிண்ட். ஸ்பிரிங்கின் கீழ்நுனி ஒடிந்து, அது உட்காரும் சேறு அப்பிய கிண்ணத்துக்குள் ஒளிந்திருந்தாலும் தொங்கும்போதுதான் சுலபமாகக் கண்ணில் படும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

ஆனால் பள்ளத்தில், அதிலும் சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் மட்டும் தட்டுகிறதா? ஜாக்கியில் எத்தனை முறை ஆட்டினாலும் ‘எல்லாம் டைட்டா இருக்கு’ என்ற பதில்தான் கிடைக்கும். காரணம் பாரம். பல வண்டிகளில், தொங்கும் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) மேலும் கீழே போகாமல் தடுப்பதே ஷாக் அப்சார்பர்தான். சக்கரமும் ஆர்மும் அதிலேயே தொங்குவதால் அதன் முனை வளையத்திலுள்ள கண் புஷ் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கிறது. மேலே அதைப் பிடித்திருக்கும் மவுண்ட்டும் கீழ்நோக்கி இறுகிவிடுகிறது. புஷ் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தாலும் அந்த இழுப்பில் அது மூடிக்கொள்ளும். வண்டி வளைவில் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை இரு பக்கமும் இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கின் கதி இன்னும் மோசம். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுகி இரண்டு லிங்க்கையும் பிடித்துக்கொள்ளும், கையால் அசைக்கவே முடியாது. லிங்க் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த பாகத்துக்குச் செலவழிப்பது இங்கேதான் நடக்கிறது.

ராம்ப்பில் இரண்டு பின்சக்கரமும் ஒரே உயரத்தில் நிற்பதால் கம்பி முறுக்கின்றி இருக்கும். லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டினாலே அதன் முனையில் தேய்ந்த பந்து ‘டிக்’ என்று காட்டிக்கொடுக்கும். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்துவிட்டு, ஒருவர் டிக்கி விளிம்பைக் குட்டிக் குட்டியாக, வேகமாக அழுத்தட்டும். முழு மூச்சாக அமுக்கிக் குதிக்கவிட்டால் சத்தம் வராது. இடைவெளி இருப்பது அந்த முதல் சில மில்லிமீட்டரில்தான். அடியில் இருப்பவர் விரலை பாதி புஷ்ஷிலும் பாதி பிராக்கெட்டிலும் படும்படி வைக்க வேண்டும். காதுக்கு எங்கிருந்தோ கேட்கும் தட்டல் விரலுக்கு இடம் மாறாமல் தெரியும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே மட்டும் விரல் போகக் கூடாது.

அப்படியும் பிடிபடவில்லையென்றால் இரண்டு லிங்க்கையும் கழற்றி, கம்பியை எங்கும் இடிக்காமல் கட்டிவிட்டு, அதே பள்ளத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளைவில் வண்டி அதிகம் சாயும், வேகம் வேண்டாம். சத்தம் போய்விட்டால் வழக்கு முடிந்தது. டார்ஷன் பீம் (இரு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம்) உள்ள வண்டிகள் பலவற்றில் இந்த லிங்க்கே இருக்காது. அங்கே சந்தேகம் ஷாக் மேல்மவுண்ட், பீம் புஷ் இரண்டின் மேலும் போகட்டும். ரிவர்ஸிலிருந்து முன்னே எடுக்கும்போது ஒரே ஒரு ‘டங்’ வந்தால் பீம் புஷ் பக்கமோ பிரேக் பக்கமோ சாயலாம். இந்த இரண்டையும் பிரிக்க, லீவர் வகை ஹேண்ட் பிரேக்கை ஒன்றிரண்டு பல் மட்டும் இழுத்து, ஆளில்லாத இடத்தில் நடைவேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் அடங்கினால் பிரேக் பேட் அல்லது ஷூ.

பாகங்களில் கவ்வி ஒட்டும் மைக் செட்டும் உண்டு. பின்பக்கம் நாலைந்து ஆர்ம் உள்ள வண்டிகளில் அது தேடலைச் சுருக்கக்கூடும். ஆனால் சத்தம் இரும்பு வழியே ஓடும் என்பதால், ஒரே ஆர்மின் இரு முனையில் எது குற்றவாளி என்று அது சொல்லும் என அடித்துப் பேச மாட்டேன்.

ராம்ப்புக்கு இன்னொரு மதிப்பெண் புது புஷ் போட்ட பிறகு. சக்கரம் தொங்கும்போது அதன் போல்ட்டை முழுதாக இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். தொங்கும்போது கையிறுக்கம் போதும். கடைசி இறுக்கு பாரத்தில். ராம்ப் இல்லாதவர்கள் தூக்குவதற்கு முன்பே சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொண்டு, இரண்டாவது ஜாக்கியால் ஆர்மை அந்த அளவுக்கு உயர்த்தி இறுக்குவதுண்டு. அந்த உயரத்தில் அந்த மூலையின் எடை கிட்டத்தட்ட முழுவதும் ஜாக்கிக்கு வந்து, வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பப் பார்க்கும். அப்போது உடம்பு வெளியே, கையும் ஸ்பேனரும் மட்டும் உள்ளே.