அரிசோனா வெயிலில் நாயோடு நடை: ஷூ, குளிர்ச்சி வெஸ்ட், இரும்புச் சீப்பு – ஐந்து ஆண்டு அனுபவம்

மணியைக் காப்பகத்திலிருந்து 2020 அக்டோபரில் கூட்டி வந்தோம். 22 கிலோ, கருப்பும் பழுப்பும் கலந்த முடி, என்ன இனம் என்று யாருக்கும் தெரியாது. ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருப்பதால் சவுத் மவுண்டன் பூங்கா எங்களுக்குப் பக்கம். 16,000 ஏக்கருக்கு மேல் பரந்த பாலை மலை அது. சகுவாரோ கள்ளியும் பாலோ வெர்டே மரமும் தவிர நிழலுக்கு ஒன்றும் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது அங்கே அவனோடு நடக்கிறேன். இந்த ஐந்து வருடத்தில் அவனுக்காக வாங்கியவற்றில் எது உழைத்தது, எது கராஜ் அலமாரியில் தூங்குகிறது என்பதை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஷூ. நான் வாங்கியது தடித்த ரப்பர் அடியும் வலைத்துணி மேற்பகுதியும் உள்ளது. முதல் நாள் போட்டுவிட்டதும் கொதிக்கிற தரையில் நிற்பதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கிக்கொண்டு நின்றான். கூடத்திலேயே தினம் பத்து நிமிடம், தின்பண்டம் கொடுத்துப் பழக்க இரண்டு வாரம் ஆயிற்று. நான்கு காலுக்கும் ஒரே அளவு வாங்கியது என் தவறு. நாய்க்கு முன்னங்கால் பாதம் பின்னங்காலைவிட அகலம். பின்கால் ஷூ இரண்டும் சுழன்று சுழன்று கணுக்காலைத் தேய்த்துப் புண்ணாக்கின. காகிதத்தில் பாதத்தை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, முன்னும் பின்னும் தனித்தனி அளவில் வாங்கிய பிறகுதான் சரியாக நடந்தான். அவன் இடது முன்காலைச் சற்று இழுத்து நடப்பான். அந்த ஒரு ஷூவின் நுனி எட்டே மாதத்தில் ஓட்டையாகிவிட்டது, மற்ற மூன்றும் இரண்டு வருடம் தாங்கின. ஒட்டுப்பட்டையில் காய்ந்த புல்லும் முள்ளும் அடைத்துக்கொண்டால் பிடிப்பு போய்விடும். பழைய பல் துலக்கும் பிரஷால் வாரம் ஒருமுறை தேய்த்து எடுக்கிறேன்.

கல்லுக்கும் சூட்டுக்கும் அந்த ஷூ நல்ல காவல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2022 மே மாதத்தில் அதை நம்பிப் போய்த்தான் மணியை இழக்கப் பார்த்தோம்.

அன்று ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வெப்பம் 88 டிகிரி ஃபாரன்ஹீட். ஃபீனிக்ஸ் நகரத்தின் மலைத்தடங்களில் 100 டிகிரியைத் தொட்டால் நாய்களுக்கு அனுமதி இல்லை. 2016 முதல் இருக்கிற விதி. நாங்கள் அதற்குள்தான் இருந்தோம். காலில் ஷூ இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்ற துணிச்சல். திரும்பும்போது பதினொரு மணி, 97 டிகிரி. ஒரு பாலோ வெர்டே மரத்தடியில் மணி படுத்தான், எழவில்லை. நாக்கு அகலமாக, தட்டையாகத் தொங்கியது. ஈறு அடர்சிவப்பு. எச்சில் பசைபோல இழுத்தது. வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீரை ஊற்றி, என் கணவர் தொப்பியால் விசிறிக்கொண்டே இருந்தார். இருபது நிமிடம் கழித்துத்தான் தலையைத் தூக்கினான். மீதி ஒரு கிலோமீட்டர் இருவரும் மாற்றி மாற்றித் தூக்கி வந்தோம். மருத்துவமனையில் பார்த்தபோது உடல் வெப்பம் 40.2 செல்சியஸ். நாய்க்கு இயல்பு 38 முதல் 39.2 வரை, 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும் என்றார் மருத்துவர்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உறைத்தது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்ப்பது பாதத்தில் மட்டும், அதுவும் கொஞ்சம். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். வெறும் பாதமாக இருந்தால் தரை சுடும்போதே அவன் நின்றிருப்பான், நானும் திரும்பியிருப்பேன். ஷூ அந்த எச்சரிக்கையை மறைத்துவிட்டது, உடம்புக்குள் ஏறிய சூட்டை ஒன்றும் செய்யவில்லை. ஊரிலிருந்து அம்மா போனில், "அந்த வாயில்லா ஜீவனைப் போட்டு ஏண்டி வெயில்ல இழுக்கறே?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து மே முதல் செப்டம்பர் வரை சூரியன் மலைமேல் ஏறுவதற்குள் வண்டிக்குத் திரும்பிவிடுகிறோம். ஜூனில் இங்கே ஐந்தேகாலுக்கெல்லாம் விடிந்துவிடும், எனவே நாலரைக்குக் கிளம்ப வேண்டும். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரிக்குக் குறையவில்லை. அந்த மாதம் முழுக்க மலைப்பக்கமே போகவில்லை. ஷூவை இப்போது குளிர்காலக் கற்பாதைக்குத்தான் அதிகம் போடுகிறேன். அப்போதும் உட்காரும் இடத்தில் கழற்றிவிடுவேன்.

குளிர்ச்சி வெஸ்ட் அந்த மே மாதத்துக்குப் பிறகு வாங்கியது. தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டால், ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துப்போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. ஏப்ரல், மே மாத வறண்ட காற்றில் அருமையாக வேலை செய்கிறது. கையை உள்ளே விட்டால் சில்லென்று இருக்கும். ஆனால் நாற்பது நிமிடத்தில் காய்ந்துவிடும். மறுபடி நனைக்க அரை லிட்டர் வேண்டும், அதையும் நான்தான் சுமக்க வேண்டும். காய்ந்தபின் விட்டுவைத்தால் அது இன்னொரு போர்வை. ஜூலை, ஆகஸ்டில் மழைக்காற்று வந்து ஈரப்பதம் ஏறிவிட்டால் பயனே இல்லை, ஈரத்துணியைச் சுற்றியதுபோல இருக்கும்.

விலை குறைந்த பொருள்தான் அதிகம் உழைத்தது: அகலப் பல் இரும்புச் சீப்பு. இங்கே சோயா (cholla) என்றொரு கள்ளி உண்டு, 'தாவும் சோயா' என்பார்கள். தாவுவதில்லை. துண்டு துண்டாகக் கழன்று தரையில் கிடக்கும், லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனி தூண்டில்போலப் பின்னோக்கிய கொக்கி, இழுத்தால் சதையோடு வரும். கையால் தொட்டால் நம் கையிலும் ஏறும். நாயோ வாயால் பிடுங்கப் பார்க்கும், அப்புறம் நாக்கில். அதனால் முதலில் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சீப்பைக் கள்ளித் துண்டுக்கும் தோலுக்கும் இடையில் விட்டு ஒரே வீச்சில் தூரத் தள்ளுங்கள். மிச்ச முள்ளைச் சின்னக் குறடால் எடுக்கலாம். ஷூவின் மேல்துணியையும் இந்த முள் துளைத்திருக்கிறது.

எந்தச் சாமானாலும் தடுக்க முடியாததும் ஒன்று உண்டு. 2021இல் மணி இருமத் தொடங்கினான், பிறகு நொண்டினான். வேலி ஃபீவர் (Valley fever) என்ற நோய். இந்த மண்ணில் வாழும் பூஞ்சை, தூசியோடு மூச்சில் போய்விடுகிறது. ஃப்ளுகோனசோல் மாத்திரை பதினொரு மாதம். இப்போது மண்ணைத் தோண்ட விடுவதில்லை, புழுதிக் காற்று நாளில் போவதில்லை. அவ்வளவுதான் செய்ய முடிகிறது. இருமலும் நொண்டலும் சேர்ந்து வந்தால் சுளுக்கு என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள்.

கிலுகிலுப்பைப் பாம்புகளுக்காக, நீளும் கயிறைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறடிக் கயிறு வைத்திருக்கிறேன். அருகிலுள்ள மாவட்டப் பூங்காக்களில் விதியும் அதுதான். மடக்குக் கிண்ணம் இரண்டு வாங்கினேன். துணிக்கிண்ணம் கசிந்தது, சிலிக்கான் கிண்ணம் இன்றும் புதுசுபோல இருக்கிறது. ஆறு கிலோமீட்டருக்கு மணி ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கிறான். என் தண்ணீர் தனி.

கடைசியாக, அந்த மே மாதத்துக்குப் பிறகு வாங்கிய தூக்குப்பை. நாயை உள்ளே வைத்துத் தோளில் மாட்டிச் சுமக்கிற துணித்தொட்டில். மடித்தால் ஒரு துண்டு அளவுதான். மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை பிரித்தேன், சோயா முள் பாதத்துக்குள் உடைந்து அவன் ஊன்ற முடியாமல் போனபோது. ஒன்றரைக் கிலோமீட்டர் தூக்கி வந்தேன், தனியாக. வாங்கினால் வீட்டிலேயே நாயை உள்ளே வைத்துத் தூக்கிப் பழக்குங்கள். மணி முதல் நாள் உதைத்து வெளியே குதித்துவிட்டான். மூன்றாம் நாள்தான் தலையை என் தோளில் சாய்த்தான்.