நங்கூரமா, மரினாவா? லங்காவியில் படகுத் தம்பதியரின் நாட்கள்

மலாக்கா நீரிணையில் பாய்மரப் படகிலேயே வாழ்ந்து பயணிக்கும் தம்பதியர் பலர், அடுத்த பயணத்துக்கு முன் மலேசியாவின் லங்காவித் தீவில் தங்குவார்கள். குவா ஊருக்கு எதிரே நங்கூரம் போடலாம். இல்லையென்றால் பக்கத்து ரெபாக் தீவின் மரினாவில், அதாவது படகுகளைக் கட்டிவைக்கும் துறையில், வாடகைக்குக் கட்டலாம்.

மரினாவில் கரண்ட், குழாய்த் தண்ணீர் உண்டு. ஏசி ஓடும், இன்ஜின் வேலையை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் உள்ளே காற்று வராமல் புழுங்கும். ரெபாக்கிலிருந்து லங்காவிக் கடைகளுக்குப் போகவும் படகுதான்.

நங்கூரத்தில் வாழ்க்கையே வேறு. படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நிற்கும்; மேல்கதவைத் திறந்தால் காற்று படுக்கை வரை வரும். மின்சாரம் சோலாரில், வானம் மூடினால் ஃபிரிட்ஜை அணைக்கவும் நேரிடும். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, கடைசியில் ஒரு குவளை நன்னீரில் அலசுவார்கள். காய்கறி, கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் கேன் எல்லாம் கரைக்குப் போய்வரும் சின்னப் படகான டிங்கியில்தான் வரவேண்டும். எவ்வளவு நங்கூரச் சங்கிலி விடுவது என்ற கணக்கு மட்டும் தப்பவே கூடாது. ஆழம் 5 மீட்டர், ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) நீர் ஏறுவது 3, படகின் முன்பக்க உயரம் 1 என்றால் மொத்தம் 9; அதற்கு ஐந்து மடங்கு, 45 மீட்டர் விடவேண்டும். தென்மேற்குப் பருவத்தில் விடியுமுன் 'சுமத்ரா' எனப்படும் திடீர்ச் சூறைக்காற்று அடித்தால், ஒருவர் இன்ஜினில், மற்றவர் சங்கிலியில் நிற்கவேண்டியதுதான்.

என் ஓட்டு நங்கூரத்துக்கே. அந்தத் தென்மேற்குப் பருவம் போய் வடகிழக்குக் காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரை மரினாவுக்குக் காசு கொடுப்பது வீண். பெரிய ரிப்பேர், உடம்புக்கு முடியாமை, ஒருவர் மட்டும் ஊருக்குப் போவது: இதற்கெல்லாம் யோசிக்காமல் மரினா.