17 கொண்டை ஊசி வளைவும் ஒரு குட்டி லீவரும்: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

பூப்பாறைப் பக்கத்திலிருந்து போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு ஏலக்காய் கொண்டுபோகிறவர்கள் ஜீப்பில்தான் போவார்கள். நான் ஒருவன்தான் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் போகிறேன். 2010-இல் இந்தியாவுக்கு வந்த வகை. கொச்சியில் ஒருவர் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்றது. வண்டியில் எனக்கு ஒரே குறைதான்: அந்தக் கியர் லீவர். கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீலக் குமிழ். எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பக்கவாட்டில் நகர்த்தி மேலே தள்ளினால் ரிவர்ஸ், கீழே இழுத்தால் டிரைவ். நின்ற இடத்திலிருந்து நேராகக் கீழே இழுத்தால் 'பி' (B), அதாவது இறக்கத்தில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் நிலை. பார்க்கிங்குக்குத் தனிப் பொத்தான்.

அதை மாற்ற மூன்று வழிகளைப் பார்த்தேன். இரண்டைச் செய்தேன், ஒன்றைப் பாதியில் கைவிட்டேன்.

முதலில் அந்த லீவரின் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். போடியில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, இதில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. இது வெறும் சுவிட்சு" என்றார். அவர் சொன்னது சரி. எஞ்சினும் இரண்டு மின் மோட்டார்களும் கோள்சக்கரப் பற்சக்கரத் தொகுதி ஒன்றில் எப்போதும் பிணைந்தே இருக்கின்றன. ரிவர்ஸுக்கென்று தனிப் பற்சக்கரம்கூட இல்லை; பெரிய மோட்டார் எதிர்த்திசையில் சுழல்கிறது, அவ்வளவுதான். லீவர் அனுப்புவது மின்னழுத்தக் குறிப்பு மட்டும். அதையும் முதன்மை, துணை என்று இரட்டையாக அனுப்புகிறது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கணினி சரிபார்த்துக்கொண்டே இருக்கும்.

இனி வழிகளுக்கு வருகிறேன். குமிழை மாற்றுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. வண்டி அலங்காரக் கடை ஒன்றில் பளபளக்கும் அலுமினியக் குமிழைக் காட்டினார்கள். கையில் கனமாக, கம்பீரமாக இருந்தது. வாங்கி மாட்டினேன். மூன்றாம் நாள் காலை, வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டு எடுத்துவிட்டு டிரைவுக்கு இழுத்தேன். லீவர் திரும்பி வரவில்லை; பாதி வழியில் சாய்ந்து நின்றது. பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. உள்ளே இருக்கும் சுருள்வில் ஒரு குட்டிக் குமிழை மீட்டுக்கொண்டு வருவதற்காகச் செய்தது. என் அலுமினியத்தைத் தூக்குவதற்கு அல்ல. குமிழ்களை ஏலக்காய் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். அலுமினியம் 210 கிராம், பழையது அதில் கால் பங்குகூட இல்லை. மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க இப்போது அது உதவுகிறது.

பிறகு போடியில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். ஈட்டி மரத்தில் கடைந்து தரச் சொன்னேன். அவர் தராசுக் கதையைக் கேட்டுவிட்டு, "ஈட்டி வேண்டாம், பலா போடலாம்" என்றார். பழைய குமிழின் உள்ளேயிருந்த பிளாஸ்டிக் கூட்டை அப்படியே எடுத்து மரத்துக்குள் பொருத்தினார். 64 கிராம். உள்ளங்கைக்குள் சரியாக உட்காருகிறது, விட்டதும் லீவர் டக்கென்று திரும்புகிறது.

இரண்டாவது வழியில்தான் எனக்கு உண்மையான ஆசை இருந்தது: 'பி'-க்கு ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி முந்தல் வரும்வரை 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். 'பி' போட்டால் சிறிய மோட்டார் எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமலே சுழற்றி, வண்டியின் வேகத்தைக் காற்றை அமுக்குவதில் கரைத்துவிடுகிறது. இது ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆட்களும் மூட்டையுமாக 1,700 கிலோ எடை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் வீட்டு மின்கட்டணக் கணக்கில் சுமார் 4.6 யூனிட். இந்த பிரியஸின் நிக்கல் பேட்டரி முழுதாகவே 1.3 யூனிட்தான், அதிலும் வண்டி பயன்படுத்துவது ஒரு பகுதியை மட்டும். சில வளைவுகளுக்குள் பேட்டரி நிரம்பிவிடும். மிச்சத்தைப் பிரேக் பட்டை தாங்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் தாங்க வேண்டும். தீய்ந்த பிரேக் வாடை அந்த மலைப்பாதையில் எல்லோருக்கும் பழக்கம்தான்.

ஆனால் பொத்தான் வைக்க வேண்டுமென்றால் நான் முன்பு சொன்ன இரட்டைக் குறிப்பைப் போலி செய்ய வேண்டும். அதை அனுப்பும் இரண்டு ரிலேக்களில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் கணினி இரண்டையும் நம்பாது. நம்பாத கணினி நடுவளைவில் என்ன முடிவெடுக்கும் என்று சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. எலக்ட்ரீசியன் மேஜையில் சர்க்யூட்டைச் செய்து காட்டினார். பத்தில் ஒன்பது முறை சரியாக வேலை செய்தது. பத்தாவது முறைக்காகத்தான் கைவிட்டேன். சட்டமும் பக்கத்தில் நிற்கிறது. தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பலாக் குமிழுக்காக யாரும் வழிமறிக்கப் போவதில்லை; ஸ்டியரிங்கிலிருந்து தொங்கும் ஒயர் வேறு விஷயம். இப்போது லீவரையே நேராகக் கீழே இழுக்கிறேன். செக்போஸ்ட் தாண்டியதும் ஒருமுறை, முந்தலில் திரும்ப டிரைவுக்கு ஒருமுறை. இரண்டே இழுப்புக்கா இவ்வளவு ஒயரிங் என்று பிறகுதான் தோன்றியது.

மூன்றாவது, ரிவர்ஸில் வண்டிக்குள்ளே விடாமல் அடிக்கும் 'பீப்'. பின்னால் நிற்பவருக்கு அது கேட்காது, ஓட்டுகிறவன் காதைத்தான் துளைக்கும். சர்வீஸ் கணினியை இணைத்து ஒரே ஒரு முறை ஒலிக்கும்படி மாற்றிவிடலாம். கத்தரியும் வேண்டாம், சாலிடரும் வேண்டாம். மூன்றில் இதுதான் மலிவு, இதுதான் நிம்மதி. முழுதாக அணைத்துவிடச் சொல்பவர்களோடு மட்டும் நான் உடன்பட மாட்டேன். திரும்பி நடுவில் நிற்கும் லீவர் எந்த நிலையில் இருக்கிறோம் என்று கைக்குச் சொல்லாது. 2016-இல் ஃபியட் கிரைஸ்லர் உலகமெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இப்படித் திரும்பி வரும் லீவருக்காகத்தான். பார்க்கில் போட்டதாக நினைத்து ஓட்டுநர்கள் இறங்கிவிட, வண்டி உருண்டது. பிரியஸில் பவர் பொத்தானை அணைத்தாலே பார்க் விழுந்துவிடும். அதற்கென்று தனிக் கருவி மாட்டச் சொல்லும் கடைக்காரரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பலாக் குமிழில் ஒரு குறை. சாரல் காலத்தில் மரம் ஊறிப் பருத்து, கூட்டுக்குள் கிறீச்சிட்டது. பெரியவர் கழற்றிக் காயவைத்து, அரக்குப் பாலிஷ் மூன்று பூச்சு கொடுத்தார். கூலி வாங்கவில்லை, ஏலக்காய் கால் கிலோ வாங்கிக்கொண்டார்.